மூன்று விநாடிகளில் கிடைத்த ஒலிம்பிக் வாய்ப்பு

பெங்களூரு: 2019 மார்ச் 17 அன்று ஜப்பானின் நோமி நகரில் நடைபெற்ற ஆசிய நடைப்போட்டியில் கே.டி. இர்ஃபான் 20 கி.மீ. தொலைவை 1 மணி 20 நிமிடம் 57 விநாடிகளில் கடந்து நான்காவது இடம் பெற்றார். பதக்கம் இல்லை. ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தகுதி நேரம் 1 மணி 21 நிமிடம். மூன்று விநாடி வித்தியாசத்தில், டோக்கியோவுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியத் தடகள வீரர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பிறந்து, வெலிங்டனில் பயிற்சி மையம் கொண்டுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர் இர்ஃபான். பெங்களூருவில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையத்தில் நடைபெற்ற தேசிய முகாம்களில் பயிற்சி பெற்றார்.

இடுப்பை ஆட்டி நடப்பவர்களைக் கண்டு சிரிப்பவர்கள் பலர். அந்த நடையின் கடுமை அவர்களுக்குத் தெரிவதில்லை. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்வைக்கும் கால் தரையைத் தொட்ட நொடி முதல் உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இதனைக் கண்காணிக்கும் நடுவர்களுக்குக் கருவி எதுவும் கிடையாது, வெறும் கண்தான். ஓடினால் எளிது என்று உடல் கெஞ்சும்போது நடந்தே தீர வேண்டும்.

2012 ஆகஸ்ட் 4 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் 22 வயது இர்ஃபான் பத்தாவது இடம் பெற்றபோதுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. தங்கம் வென்ற சீனாவின் சென் டிங்கைவிட 95 விநாடிகளே பின்தங்கியிருந்தார். அன்று அவர் படைத்த 1 மணி 20 நிமிடம் 21 விநாடி என்ற தேசிய சாதனை எட்டு ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது. 2021 பிப்ரவரியில் ராஞ்சியில் சந்தீப் குமார் அதனை ஐந்து விநாடிகளால் முறியடித்தார்.

இடையில் வந்தது கோல்டுகோஸ்ட். 2018 காமன்வெல்த் போட்டியில் 13ஆவது இடம் பெற்ற சில நாட்களில், இந்திய வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பில் ஊசி கண்டெடுக்கப்பட்டது. ஊசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை மீறியதாக இர்ஃபானும் மும்முறை தாண்டுதல் வீரர் ராகேஷ் பாபுவும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊக்கமருந்து உட்கொண்டதாக அவர்கள்மீது குற்றச்சாட்டு எழவில்லை. இருந்தும் இரண்டுக்கும் வேறுபாடு பார்க்கும் பொறுமை பலருக்கு இருக்கவில்லை. அதே ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், நடையில் பிழை என்று நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தனர். இவற்றுக்குப் பின்னர்தான் நோமி.

அங்கே பெற்ற தகுதிக்கும் டோக்கியோ போட்டிக்கும் இடையே இரண்டரை ஆண்டுகள் ஓடின. பெருந்தொற்றால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. போட்டிக்கு மூன்று மாதங்களுக்குள்ளாக, 2021 மே மாதம், பெங்களூரு முகாமிலேயே இர்ஃபான் உள்ளிட்ட ஐந்து தடகள வீரர்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. நாளும் பல கிலோமீட்டர் நடந்தவர் தனிமைப்படுத்தப்பட்டார்.

டோக்கியோவின் வெப்பத்துக்கு அஞ்சி நடைப்போட்டிகள் சப்போரோ நகருக்கு மாற்றப்பட்டிருந்தன. அங்கும் வெயில் விடவில்லை. ஆகஸ்ட் 5 அன்று இத்தாலியின் மாசிமோ ஸ்டானோ 1 மணி 21 நிமிடம் 5 விநாடிகளில் தங்கம் வென்றார். நோமியில் இர்ஃபான் எடுத்த நேரம் இதைவிட எட்டு விநாடி குறைவு. நாளும் களமும் வேறு என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஆனாலும் மனம் ஒப்பிடவே செய்கிறது. சந்தீப் குமார் 23ஆவது, ராகுல் ரோஹிலா 47ஆவது இடம் பெற, இர்ஃபான் 51ஆவதாக வந்தார்.

அவர் பெயர் பெற்ற அந்த 20 கி.மீ. தொலைவும் இப்போது மாறிவிட்டது. உலகத் தடகள அமைப்பு 2026 முதல் அதற்குப் பதிலாக அரை மாரத்தான் தொலைவைக் கொண்டுவந்துள்ளது.