கப்பல் இல்லாத கடற்படைக் காலாட்படை

2022 நவம்பர் தொடக்கத்தில் ரஷியாவின் தூரக்கிழக்கு மாகாணமான பிரிமோரியேவின் ஆளுநருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் சமூக ஊடகங்களில் வெளியானது. எழுதியவர்கள் பசிபிக் கடற்படையின் 155-ஆவது கடற்படைக் காலாட்படை பிரிகேடைச் சேர்ந்த வீரர்கள் என்று கூறப்பட்டது. உக்ரைனின் தோனெத்ஸ்க் பகுதியில் பாவ்லிவ்கா என்ற கிராமத்தைப் பிடிப்பதற்காக, போதிய திட்டமிடல் இன்றித் தாங்கள் அனுப்பப்பட்டதாகவும், 4 நாள்களில் இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் என ஏறத்தாழ 300 பேரை இழந்துவிட்டதாகவும் அக்கடிதம் குற்றஞ்சாட்டியது. இத்தகைய புகார்களைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வதே ரஷியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வழக்கம். இம்முறை அது வாய்திறந்தது. உயிரிழப்பு 1 சதவீதத்தையும் காயமடைந்தோர் எண்ணிக்கை 7 சதவீதத்தையும் தாண்டவில்லை என்று மறுத்தது.

இரண்டில் எந்தக் கணக்கு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். வேறொரு கேள்வியும் இங்கே எழுகிறது. விளாதிவஸ்தோக்கிலிருந்து மாஸ்கோவுக்கான ரயில் பாதையின் நீளமே 9,288 கிலோமீட்டர். பசிபிக் கடலோரத்தில் தரையிறங்கிப் போரிடுவதற்கென்று பயிற்றுவிக்கப்பட்ட படை, அதற்கும் அப்பால், கடலே கண்ணில் படாத ஒரு வயல்வெளிக் கிராமத்தில் எப்படி வந்து சிக்கியது? இதற்கு விடை காண, அந்தப் பிரிகேடின் தாய்ப் படையான 55-ஆவது கடற்படைக் காலாட்படை டிவிஷனின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். சோவியத் கடற்படை, டிவிஷன் அளவில் உருவாக்கிப் பராமரித்த ஒரே தரையிறக்கப் படை அது.

ரஷியாவில் கடற்படைக் காலாட்படையின் பிறப்பு, மகா பீட்டர் 1705-இல் பிறப்பித்த ஆணையிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆனால், சோவியத் மக்களின் மனத்தில் அதற்குத் தனி இடத்தைப் பெற்றுத்தந்தது இரண்டாம் உலகப் போர்தான். லெனின்கிராதிலும் ஒடேசாவிலும் செவஸ்தபோலிலும் கப்பல்கள் முடங்கியபோது, லட்சக்கணக்கான மாலுமிகள் துப்பாக்கி ஏந்திக் கரையில் இறங்கினார்கள். கடலுக்குச் சம்பந்தமே இல்லாத மாஸ்கோவைக் காக்கவும் 1941 குளிர்காலத்தில் மாலுமிப் பிரிகேடுகள் அனுப்பப்பட்டன. கோடுபோட்ட பனியனும் கறுப்பு மேலங்கியுமாக வந்த அவர்களை ஜெர்மானியர்கள் 'கறுப்புச் சாவு' என்று அழைத்ததாகச் சொல்வார்கள்.

அக்காலத்தின் புகழ்பெற்ற தரையிறக்கம் 1943 பிப்ரவரி 4 அதிகாலையில் நடந்தது. நவரசீஸ்க் நகருக்கு அருகே மேஜர் சேஸர் குனிக்கோவ் தலைமையில் சுமார் 270 பேர் கரையேறினர். உண்மையில் அது எதிரியைத் திசைதிருப்புவதற்கான சிறு தாக்குதல் மட்டுமே. முதன்மைத் தரையிறக்கம் வேறோர் இடத்தில் நடந்து தோல்வியில் முடிந்தது. திசைதிருப்ப வந்தவர்கள் பிடித்த சிறு நிலத்துண்டே 'மாலயா ஸெம்ல்யா', அதாவது 'சிறிய நிலம்', என்ற பெயரில் 225 நாள்கள் தாக்குப்பிடித்தது. குனிக்கோவ் சில நாள்களிலேயே காயத்தால் இறந்தார். அந்தப் போர்முனையில் அரசியல் அதிகாரியாக இருந்த பிரெஷ்னேவ், பின்னாளில் நாட்டின் தலைவரானதும் இந்தச் சமர் பாடநூல்களில் அதன் அளவுக்கு மீறிப் பெரிதாக்கப்பட்டது. அதற்குக் குனிக்கோவ் பொறுப்பல்ல.

55 என்ற எண்ணின் கதையும் இந்தப் போரில்தான் தொடங்குகிறது. 1944 ஜனவரியில் பெலாரஸின் மோசிர் நகரை மீட்ட படைகளுள் 55-ஆவது காலாட்படை டிவிஷனும் ஒன்று. நகரின் பெயரையே பட்டமாகவும் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பின்லாந்து போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டபோது, ஹெல்சிங்கிக்கு அருகிலுள்ள போர்க்கலா தீபகற்பத்தைக் கடற்படைத் தளத்துக்காக 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது சோவியத் ஒன்றியம். அதைக் காவல் காக்க அனுப்பப்பட்ட 55-ஆவது டிவிஷன், முதலாவது கடற்படைக் காலாட்படை டிவிஷன் என்று பெயர் மாற்றப்பட்டது. 50 ஆண்டுக் குத்தகை 12 ஆண்டுகளைத் தாண்டவில்லை. 1956 ஜனவரியில் போர்க்கலா பின்லாந்திடமே ஒப்படைக்கப்பட்டது. பால்டிக் கரையில் கலைந்துபோன அந்தப் படையின் எண்ணும் பட்டமும்தான் பின்னர் விளாதிவஸ்தோக்கில் உருவான டிவிஷனுக்கு மரபுரிமையாக வந்துசேர்ந்தன.

1950-களின் நடுப்பகுதியில் போர்க்கலா படை மட்டுமன்றி, சோவியத் கடற்படைக் காலாட்படை முழுவதுமே கலைக்கப்பட்டது. அணுகுண்டும் ஏவுகணையும் வந்துவிட்ட காலத்தில், கடற்கரையில் கூட்டமாக இறங்கும் படை வெறும் இலக்காகத்தான் இருக்கும் என்பது அன்றைய வாதம். ஆனால், 1958-இல் அமெரிக்க மரைன் படையினர் லெபனான் கடற்கரையில் இறங்கியபோது அந்த வாதம் ஆட்டங்கண்டது. ஒரு நாட்டின் அரசியலை மாற்ற அணுகுண்டு தேவையில்லை, கரையோரத்தில் நிற்கும் சில கப்பல்களும் சில ஆயிரம் வீரர்களும் போதும் என்பதை மாஸ்கோ கண்டது. கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் கோர்ஷ்கோவ் 1963-இல் இப்படையை மீண்டும் எழுப்பினார். முதலில் பால்டிக் கடற்படையில் 336-ஆவது ரெஜிமென்ட் உருவானது. பசிபிக், வடக்கு, கருங்கடல் கடற்படைகளிலும் அடுத்தடுத்து ரெஜிமென்டுகள் அமைந்தன.

மற்ற மூன்று கடற்படைகளும் ஒரு ரெஜிமென்டோடு நின்றுவிட, பசிபிக்கில் மட்டும் அது டிவிஷனாக வளர்ந்தது. 1960-களின் இறுதியில், ஏற்கெனவே அங்கிருந்த 390-ஆவது ரெஜிமென்டை அடித்தளமாகக் கொண்டு 55-ஆவது டிவிஷன் கட்டப்பட்டது. 85, 106, 165 என்ற எண்களைத் தாங்கிய மூன்று காலாட்படை ரெஜிமென்டுகள், அவற்றுக்குத் துணையாக டாங்குகள், பீரங்கிகள், வான்பாதுகாப்புப் பிரிவுகள் என்பது அதன் அமைப்பு. நீரில் மிதந்து செல்லும் பிடி-76 இலகு டாங்கும் பிடிஆர்-60 கவச வாகனமும் அதன் அடையாளச் சின்னங்களாக இருந்தன.

ஏன் பசிபிக்கில் மட்டும்? வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விளாதிவஸ்தோக்கிலிருந்து புறப்படும் போர்க்கப்பல் திறந்த பெருங்கடலை அடைய கொரிய நீரிணை, சுகாரு நீரிணை, லா பெரூஸ் நீரிணை ஆகியவற்றுள் ஒன்றைக் கடந்தாக வேண்டும். மூன்றுக்கும் கரையில் நிற்பது ஜப்பான். அதன் பின்னால் அமெரிக்கா. போர் மூண்டால் இந்த வாசல்களில் ஒன்றையாவது கைப்பற்றித் திறந்து வைக்க வேண்டும். குரில் தீவுகளைக் காக்க வேண்டும். அவற்றால் அரண் சூழப்பட்ட ஒகோத்ஸ்க் கடலில் உலவிய அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு, நகருக்குச் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவிலேயே சீன எல்லை. 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவில் இரு கம்யூனிஸ்ட் நாடுகளும் ரத்தம் சிந்திய ஆண்டுகள் அவை. 1980-களில் ஹொக்கைதோ தீவில் சோவியத் படை இறங்கிவிடுமோ என்ற கவலை ஜப்பானின் பாதுகாப்புத் திட்டங்களையே வடிவமைத்தது என்றால், அதில் இந்த டிவிஷனின் இருப்புக்கும் பங்குண்டு.

பயம் பெரிதாக இருந்தது. படை சிறிதாகத்தான் இருந்தது. 1980-களில் அமெரிக்க மரைன் படையில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தனர். நான்கு கடற்படைகளின் சோவியத் கடற்படைக் காலாட்படையை ஒன்றாகக் கூட்டினாலும், மேற்கத்திய மதிப்பீட்டின்படி, 20 ஆயிரத்தைத் தொடவில்லை. அதிலும் கப்பல்களின் கொள்ளளவே உண்மையான எல்லையாக அமைந்தது. கலினின்கிராதில் கட்டப்பட்ட 'தபீர்' வகைத் தரையிறக்கக் கப்பல்கள் 14. போலந்தின் கதான்ஸ்க் நகரில் கட்டப்பட்டவை 28. நான்கு கடற்படைகளும் இவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. 1978-இல் சேவைக்கு வந்த 'இவான் ரோகவ்' மட்டுமே அமெரிக்கக் கப்பல்களோடு ஓரளவு ஒப்பிடத்தக்கது: ஒரு பட்டாலியனை அதன் டாங்குகளோடும் ஹெலிகாப்டர்களோடும் காற்றுமெத்தைக் கலங்களோடும் சுமக்கக்கூடியது. அவ்வகையில் மொத்தம் மூன்றே கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றுள் இரண்டு பசிபிக் கடற்படைக்கு வந்தன. டிவிஷன் முழுவதையும் ஒரே நேரத்தில் ஏற்றிச் செல்லும் வசதி அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை.

ஆகவே, அதன் அன்றாடப் பணி பெரும்பாலும் இருப்பைக் காட்டுவதாகவே இருந்தது. பசிபிக் கடற்படையின் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் நிரந்தரமாக உலவின; அவற்றில் இவ்வீரர்களும் மாதக்கணக்கில் பயணித்தனர். 1979 முதல் வியத்நாமின் கம்ரான் விரிகுடாவில் சோவியத் தளம் இயங்கியபோது அதன் காவலிலும் பங்கேற்றனர். 1945 ஆகஸ்டில் வட கொரியாவின் சொங்ஜின் துறைமுகத்திலும் குரில் தீவுகளின் சும்சுவிலும் இறங்கியதற்குப் பின், எதிரியின் கரையில் பெரிய அளவில் இறங்கிப் போரிடும் தருணம் சோவியத் படைக்கு வாய்க்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு விநோத அத்தியாயத்தையும் குறிப்பிட வேண்டும். 1990 நவம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைக்குறைப்பு ஒப்பந்தம், அட்லாண்டிக் முதல் யூரல் மலை வரை டாங்குகளுக்கும் பீரங்கிகளுக்கும் உச்சவரம்பு விதித்தது. கடற்படை அதன் வரம்புக்குள் வரவில்லை. சோவியத் தளபதிகள் உடனே சில தரைப்படை டிவிஷன்களைக் 'கடலோரப் பாதுகாப்புப் படை' என்று பெயர் மாற்றிக் கடற்படையின் கணக்கில் எழுதினர். டாங்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. மேற்கு நாடுகள் கொதித்தன. 1991 ஜூனில், அந்த ஆயுதங்களையும் வரம்புக்குள் சேர்த்துக்கொள்வதாக மாஸ்கோ இறங்கிவந்த பிறகே சர்ச்சை ஓய்ந்தது. காகிதத்தில் திடீரென்று முளைத்த இந்தக் கடலோர டிவிஷன்களோடு 55-ஆவது டிவிஷனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது யூரலுக்கு வெகு கிழக்கே, ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது.

அதைக் குலைத்தது ஒப்பந்தமல்ல, வறுமை. ஒன்றியம் சிதறியபின் எரிபொருளுக்கும் சம்பளத்துக்குமே பணமில்லாத கடற்படையில், தரையிறக்கக் கப்பல்கள்தான் முதலில் கைவிடப்பட்டன. 'இவான் ரோகவ்' 20 ஆண்டுகள்கூட நிறைவடையாமல் 1990-களின் நடுவிலேயே சேவையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் சகோதரக் கப்பலும் துறைமுகத்தில் முடங்கியது.

அப்போதுதான் செச்சன்யப் போர் வந்தது. 1994 டிசம்பர் 31 அன்று குரோஸ்னி நகருக்குள் நுழைந்த தரைப்படைப் பிரிவுகள் சின்னாபின்னமானதும், ஓரளவு கட்டுக்கோப்போடு இருந்த படைகளைத் தேடியது மாஸ்கோ. வடக்கு, பால்டிக் கடற்படைகளின் பட்டாலியன்கள் முதலில் சென்றன. அடுத்து 1995 ஜனவரியில் 55-ஆவது டிவிஷனின் 165-ஆவது ரெஜிமென்ட் விமானத்தில் ஏற்றப்பட்டது. ஆனால், அந்த ரெஜிமென்ட் முழு ஆள்பலத்தோடு இல்லை. காலியிடங்களை நிரப்பப் போர்க்கப்பல்களிலிருந்தும் நீர்மூழ்கிகளிலிருந்தும் மாலுமிகள் இழுத்துவரப்பட்டனர். இயந்திர அறையிலும் சமையற்கூடத்திலும் பணியாற்றிய இளைஞர்கள், குறுகிய காலப் பயிற்சியோடு, குரோஸ்னியின் இடிபாடுகளுக்குள்ளும் பின்னர் தெற்கு மலைகளுக்குள்ளும் அனுப்பப்பட்டனர். சில மாதங்களில் அவர்களை விடுவிக்க 106-ஆவது ரெஜிமென்ட் வந்தது. 1941-இல் நாட்டின் உயிர்ப் போராட்டத்தில் வேறு வழியின்றிச் செய்ததை, 1995-இல் நிர்வாகச் சீர்கேட்டை மறைக்கச் செய்தார்கள் என்பதே என் கருத்து. அதிலும் அன்றைய வீரத்தின் பெயரைச் சொல்லியே இதைச் செய்ததுதான் வேதனை.

2008-ஆம் ஆண்டு ஜார்ஜியப் போருக்குப் பிந்தைய ராணுவச் சீர்திருத்தத்தில் டிவிஷன்கள் வழக்கொழிந்தவையாகக் கருதப்பட்டன. 2009 டிசம்பரில் 55-ஆவது டிவிஷன் கலைக்கப்பட்டு 155-ஆவது பிரிகேடாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் ஒரு சிறு நிகழ்வு, இப்படை எதற்காக இருக்கிறது என்பதை நினைவூட்டியது. ஏடன் வளைகுடாவுக்கு அருகே சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்த 'மாஸ்கோ பல்கலைக்கழகம்' என்ற எண்ணெய்க் கப்பலை, பசிபிக் கடற்படையின் 'மார்ஷல் ஷாபஷ்னிக்கோவ்' போர்க்கப்பலில் இருந்த கடற்படைக் காலாட்படையினர் மீட்டனர். கப்பல் ஊழியர் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

பழைய கப்பல்களுக்கு மாற்றாக 2011-இல் பிரான்ஸிடம் இரண்டு 'மிஸ்த்ரால்' கப்பல்களுக்கு ரஷியா ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் ஒன்றின் பெயரே 'விளாதிவஸ்தோக்'. கிரிமியா இணைக்கப்பட்டதைத் தொடர்ந்து பிரான்ஸ் அவற்றை ஒப்படைக்க மறுத்து, 2015-இல் ஒப்பந்தத்தை முறித்தது. இரண்டும் இன்று எகிப்துக் கடற்படையில் இருக்கின்றன.

2022 பிப்ரவரியில் பால்டிக், வடக்குக் கடற்படைகளின் தரையிறக்கக் கப்பல்கள் கருங்கடலில் குவிந்தபோது, ஒடேசாவில் படை இறங்கும் என உலகமே எதிர்பார்த்தது. இறங்கவில்லை. மார்ச் 24-இல் 'தபீர்' வரிசையின் முதல் கப்பலான 'சராதவ்' பெர்த்யான்ஸ்க் துறைமுகத்திலேயே எரிந்து மூழ்கியது. கடற்படைக் காலாட்படையினர் சாதாரணக் காலாட்படையாகவே தரைவழியில் போரிட்டனர். பாவ்லிவ்காவுக்குப் பின், 2023 தொடக்கத்தில் அருகிலுள்ள வுக்லெதாரிலும் 155-ஆவது பிரிகேட் பேரிழப்பைச் சந்தித்தது. அதன் தளபதியாக இருந்து கடற்படையின் துணைத் தலைமைத் தளபதியாக உயர்ந்த மிகயீல் குத்கோவ் 2025 ஜூலையில் கொல்லப்பட்டார். அதுவும் கடலில் அல்ல, கூர்ஸ்க் மாகாணத்தில்.

கடற்படைக் காலாட்படை பிரிகேடுகளிலிருந்து ஐந்து டிவிஷன்களை உருவாக்கப்போவதாக 2022 டிசம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு அறிவித்தார். சோவியத் காலத்தில்கூட ஒன்றுக்கு மேல் உருவாக்காத டிவிஷன், இப்போது ஐந்து. அவற்றைச் சுமப்பதற்கான பெரிய கப்பல்கள் இரண்டுக்கு, 2020 ஜூலையில் கிரிமியாவின் கெர்ச் நகரில் அடிக்கட்டை இடப்பட்டது. அந்தக் கட்டுமானத் தளம் உக்ரைனின் ஏவுகணைகள் எட்டும் தொலைவில் இருக்கிறது. 2023 நவம்பரில் அங்கிருந்த ஒரு போர்க்கப்பல் தாக்கப்பட்டது. புதிய இரு கப்பல்களுள் முதலாவதற்கு வைக்கப்பட்டிருக்கும் பெயர் 'இவான் ரோகவ்'.