கார் ஏசியில "டக் டக்" சத்தமா? பில் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் சித்திரை, வைகாசி வெயிலைப் பத்தி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து காரில் ஏசி மக்கர் பண்ணும். சாவி போட்டதும் டாஷ்போர்டுக்குள்ள "டக் டக் டக்"னு ஒரு சத்தம். இல்லைன்னா எந்தப் பட்டனை அமுக்கினாலும் காத்து கண்ணாடிப் பக்கமே போகும். உடனே நம்ம மனசு "கேஸ் போச்சு, கம்ப்ரஸர் போச்சு, பத்தாயிரம் காலி"னு கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பொறுங்க. பல நேரம் காரணம் உள்ளங்கையில் அடங்குற ஒரு சின்ன மோட்டார்தான்.

ஃபிளாப் மோட்டார்னா என்ன?

ஏசி பெட்டிக்குள்ள சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கான்னு ஒண்ணு முடிவு பண்ணும். சூடும் குளிரும் எவ்வளவு கலக்கணும்னு இன்னொண்ணு. வெளிக்காத்து வரணுமா, உள்காத்தே சுத்தணுமான்னு மூணாவது. இதுகளை அசைக்கிறதுதான் ஃபிளாப் மோட்டார். கடையில் "ஆக்சுவேட்டர்"னு கேட்கணும். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். ஒரு பல் உடைஞ்சாலும் சக்கரம் வழுக்கும், அதுதான் அந்த "டக் டக்".

மூணாவது கதவு கெட்டால் நாமக்கல் ரோட்டில் சட்டுனு தெரியும். கோழிப்பண்ணை வாசமும் லாரிப் புகையும் நேரா உள்ளே வரும். வெளியிலிருந்து வர்ற சூடான காத்தையே ஏசி குளிர்விக்க வேண்டியிருக்கறதால பெட்ரோலும் கூடுதலா போகும்.

ஒரு விஷயம்: குமிழைத் திருப்புற பழைய மாடல்கள் பலதில் மோட்டாரே கிடையாது, கேபிள்தான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

எஸ்டிமேட் வாங்கும்போது பார்ட்ஸ், லேபர், ஜி.எஸ்.டி. மூணையும் தனித்தனியா கேளுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே விகிதம், 18%. அதுக்கு முன்னாடி பல பார்ட்ஸுக்கு 28% இருந்தது. பழைய விகிதத்திலேயே எஸ்டிமேட் போட்டிருந்தா தயங்காம கேளுங்க.

கணக்குக்காக ஒரு உதாரணம். பார்ட்ஸ் ₹2,000, லேபர் ₹2,500, வரி ₹810. மொத்தம் ₹5,310. நீங்களே மாத்தினா வரியோட ₹2,360. மிச்சம் ₹2,950.

உங்க நேரத்துக்கும் விலை உண்டு. மாசம் ₹30,000 சம்பளம், 26 நாள், தினம் 8 மணி நேரம்னா மணிக்கு சுமார் ₹144. மூணு மணி நேர வேலைக்கு ₹432 கழிச்சாலும் ₹2,500க்கு மேல நிக்குது. அது உங்க ரெண்டு நாள் சம்பளத்தை விட அதிகம்!

எப்படிப் பண்றது?

1. முதலில் வாரண்டி பாருங்க. வாரண்டி இருந்தா கையே வைக்காதீங்க, சர்வீஸ் சென்டருக்கே போங்க. இன்சூரன்ஸ் இதுக்கு உதவாது. தேய்மானமும் மின்சாரக் கோளாறும் சாதாரண பாலிசியில் கவர் ஆகாது.

2. சத்தம் எங்கிருந்து வருதுன்னு கேளுங்க. உள்காத்து, வெளிக்காத்து மோட்டார் பெரும்பாலும் குளோவ் பாக்ஸ் பின்னாடி. அது வீட்டு வேலை. டாஷ்போர்டையே இறக்கணும்னா அது மெக்கானிக் வேலை.

3. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழட்டி, சில நிமிஷம் விடுங்க. பக்கத்தில் ஏர்பேக் இருக்கு. மஞ்சள் நிற வயர், கனெக்டர் எதையும் தொடக்கூடாது.

4. குளோவ் பாக்ஸை எடுத்து, மோட்டாரோட ஸ்க்ரூக்களைக் கழட்டுங்க. அதுக்கு முன்னாடி மொபைலில் ஒரு போட்டோ. திரும்ப மாட்டும்போது அதுதான் வழிகாட்டி.

5. இப்போ கதவோட அச்சைக் கையால திருப்புங்க. இறுகி நின்னா குற்றவாளி மோட்டார் இல்லை. இலை, காகிதம், பேனா ஏதாவது உள்ளே சிக்கியிருக்கலாம். இதைப் பார்க்காம புது மோட்டார் வாங்கினா காசு வீண்.

6. கதவு லேசா திரும்புதுன்னா மோட்டாரைத் திறந்து பாருங்க. தூசியும் காய்ஞ்ச கிரீஸும்தான்னா துடைச்சு, பிளாஸ்டிக்குக்கு ஏத்த சிலிகான் கிரீஸ் கொஞ்சம் வைங்க. பல் உடைஞ்சிருந்தா மாத்துறதுதான் வழி. ஃபெவிக்விக் வைத்தியம் நிக்காது.

7. பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்கி மாட்டுங்க. பேட்டரியை இணைச்சு, சாவி போட்டு, எந்தப் பட்டனையும் தொடாம ஒரு நிமிஷம் விடுங்க. பல கார்களில் மோட்டார் தன் எல்லைகளை அப்போ தானே கத்துக்கும். சில மாடல்களில் முறை வேற, மேனுவலில் பாருங்க.

கை வைக்கப் பயமா இருக்கா?

தப்பே இல்லை. லாரி பாடி கட்டுறதுக்கும் டேங்கர் லாரிக்கும் பேர் போன நாமக்கல், ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரித் தொழிலுக்குச் சங்ககிரி. வண்டி வேலை தெரிஞ்ச கைகளுக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. கார் ஏசி எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட "கோளாறு எங்கேன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணா"னு கேட்டு, அதுக்கு மட்டும் கூலி குடுங்க.

அசல் பாடம்

கார் வாங்கும்போது நாம இ.எம்.ஐ. மட்டும்தான் பார்க்கிறோம். ரிப்பேர் வந்தா கிரெடிட் கார்டைத் தேய்ச்சு, மினிமம் டியூ கட்டி ஓட்டுறோம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. மாசம் ₹1,000 தனியா ஒரு ஆர்.டி.யில் போடுங்க. வருஷக் கடைசியில் ₹12,000, வட்டி தனி. அதுதான் காருக்கான எமர்ஜென்சி ஃபண்ட். அடுத்த தடவை "டக் டக்" கேட்டா வண்டியைப் பத்தி மட்டும் யோசிச்சா போதும், காசைப் பத்தி இல்லை.

உங்க காரில் என்ன கோளாறு, எவ்வளவு எஸ்டிமேட் சொன்னாங்கன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவில் ஒவ்வொரு வரியா பிரிச்சுப் பார்ப்போம்.