'7 நிமிட புற்றுநோய் ஊசி': தோலுக்கு அடியில் போடும் இம்யூனோதெரபியில் உண்மையில் எதைச் சோதித்தார்கள்?

'7 நிமிடத்தில் புற்றுநோய்க்கு ஊசி' என்று ஒரு ஃபார்வர்டு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கலாம். வீட்டில் யாராவது கீமோவுக்கும் டிரிப்ஸுக்கும் மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருந்தால், அதைப் பார்த்ததும் மனசு ஒரு நிமிஷம் நின்றுவிடும். முதலில் அதைத் தெளிவாக்கிவிடலாம். அந்த 7 நிமிடம் மருந்தை உடலுக்குள் செலுத்த ஆகும் நேரம். நோய் குணமாகும் வேகத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஆனால் செய்தியே பொய்யா என்றால், அதுவும் இல்லை.

2023 ஆகஸ்ட் மாதம், அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. இதே மருந்தை நரம்பில் டிரிப்ஸாக ஏற்றினால் 30 முதல் 60 நிமிடம் பிடிக்கும். ஊசியாகப் போட்டால் சுமார் 7 நிமிடம். இங்கிலாந்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,600 பேர் இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்று அந்நாட்டு அரசு சுகாதாரச் சேவையான என்.ஹெச்.எஸ். அப்போது சொன்னது. ஃபார்வர்டுகளுக்கு மூலம் இதுதான்.

அதன் பிறகு அமெரிக்காவும் வரிசையாக அனுமதிகளைக் கொடுத்தது. 2024 செப்டம்பரில் அடிசோலிசுமாப், அதே ஆண்டு டிசம்பரில் நிவோலுமாப், 2025 செப்டம்பரில் பெம்ப்ரோலிசுமாப். நிவோலுமாப் ஊசிக்கு 3 முதல் 5 நிமிடம். பெம்ப்ரோலிசுமாப் ஊசிக்கு 3 வாரத்துக்கு ஒருமுறை என்றால் 1 நிமிடம், 6 வாரத்துக்கு ஒருமுறை என்றால் 2 நிமிடம்.

இம்யூனோதெரபி என்றால்?

கீமோ, புற்றுநோய் செல்களை நேரடியாகத் தாக்கும். இம்யூனோதெரபி அப்படி இல்லை. நம் உடலின் எதிர்ப்பு செல்களுக்கு ஒரு 'பிரேக்' உண்டு. சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க அது தேவை. சில புற்றுநோய் செல்கள் அந்த பிரேக்கை மிதித்துவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. மேலே சொன்ன மூன்று மருந்துகளும் அந்த பிரேக்கை விடுவிக்கும் ஆன்டிபாடிகள். இந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலினைத் தோலுக்கு அடியில் போடுகிறோமே, இதை மட்டும் ஏன் இவ்வளவு நாள் போடவில்லை?

இன்சுலின் ஊசியில் போகும் அளவு ஒரு மில்லிலிட்டரைக்கூட தொடாது. அடிசோலிசுமாப் ஊசியில் போவது 15 மில்லிலிட்டர். ஒரு மேசைக்கரண்டி அளவு திரவத்தைத் தொடையில் தோலுக்கு அடியில் தள்ளினால் என்ன ஆகும்? வீங்கும், வலிக்கும், மருந்து உள்ளே இறங்காது.

காரணம், தோலுக்கு அடியில் ஜெல் மாதிரி ஒரு பொருள் நிரம்பி இருக்கிறது. பெயர் ஹையலூரோனன். முகத்துக்குப் பூசும் சீரம் பாட்டிலில் 'ஹையலூரோனிக் ஆசிட்' என்று போட்டிருப்பார்களே, அதுவேதான். இந்த ஜெல்தான் திரவத்தைப் பரவவிடாமல் தடுக்கிறது.

இதைத் தற்காலிகமாகக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். இயற்கையில் விந்தணுக்கள் முட்டையைச் சுற்றியுள்ள உறையைக் கரைத்து உள்ளே நுழையப் பயன்படுத்தும் நொதி வகை இது. அதை ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். நொதி ஜெல்லைக் கரைத்து வழிவிட, மருந்து பரவி, நிணநீர்க் குழாய்கள் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. கரைந்த ஜெல் ஓரிரு நாளில் மறுபடியும் ஊறிவிடும்.

இந்த வழியில் போகும்போது கொஞ்சம் மருந்து நடுவிலேயே வீணாகும். அதனால்தான் டிரிப்ஸில் 1,200 மில்லிகிராம் கொடுக்கும் அடிசோலிசுமாப்பை ஊசியில் 1,875 மில்லிகிராமாகக் கொடுக்கிறார்கள். "டோஸை ஏத்திட்டாங்களே" என்று பயப்பட வேண்டியதில்லை. ரத்தத்தில் போய்ச் சேரும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, எதைச் சோதித்தார்கள்?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊசி போட்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்களா என்பது இந்தச் சோதனைகளின் முதல் கேள்வி இல்லை. டிரிப்ஸில் ஏற்றினால் ரத்தத்தில் எவ்வளவு மருந்து இருக்குமோ, அதற்குக் குறையாமல் ஊசியிலும் இருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி.

சென்னையில் தண்ணீர் லாரியை நம்பி இருக்கும் அபார்ட்மென்ட்காரர்களுக்கு இது உடனே புரியும். லாரி வந்து ஊற்றிய உடனே சம்ப் நிறைந்துதான் இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் பிரயோஜனம் இல்லை. அடுத்த லாரி வருவதற்குச் சற்று முன்னால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மருந்திலும் அதேதான். அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு, ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். அந்த அடிமட்ட அளவு போதுமானதாக இருந்தால், இடைப்பட்ட நாட்களில் மருந்து தீர்ந்துபோகவில்லை என்று அர்த்தம்.

அடிசோலிசுமாப்புக்கு இம்சின்001 என்ற சோதனை நடந்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 371 பேர். குலுக்கல் முறையில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு டிரிப்ஸ். முதல் சுற்று முடிவில் அந்த அடிமட்ட அளவை ஒப்பிட்டால், டிரிப்ஸ் 1 என்றால் ஊசி 1.05. மொத்தமாக உடல் பெற்ற மருந்தின் அளவு 0.87. இரண்டும் முன்கூட்டியே வகுத்த எல்லைக்குள் இருந்ததால் 'குறைவில்லை' என்று முடிவானது. 'ஊசி மேல்' என்று யாரும் சொல்லவில்லை, கவனியுங்கள்.

நிவோலுமாப் ஊசியைச் சிறுநீரகப் புற்றுநோய் உள்ள 495 பேரிடம் சோதித்தார்கள். இங்கே 4 வாரத்துக்கு ஒருமுறை போட்ட ஊசியில், ரத்தத்தில் இருந்த சராசரி அளவு 2 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிய டிரிப்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். கட்டி குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கியவர்கள் ஊசியில் சுமார் 24%, டிரிப்ஸில் 18%. இதைப் பார்த்து 'ஊசிதான் சூப்பர்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த வித்தியாசத்தை நிரூபிக்க வடிவமைத்த சோதனை அல்ல அது. பெம்ப்ரோலிசுமாப்பில் 377 பேர். கட்டி சுருங்கியது ஊசியில் 45%, டிரிப்ஸில் 42%.

ஒரு வகைப் புற்றுநோயில் சோதித்துவிட்டு, அந்த மருந்து ஏற்கெனவே பயன்படும் பெரும்பாலான புற்றுநோய்களுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்தது சரியா? கேட்க வேண்டிய கேள்விதான். ரத்தத்துக்குள் போன பிறகு அது அதே ஆன்டிபாடிதான், போன பாதை மட்டுமே வேறு என்பது அதிகாரிகளின் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் நீண்டகால உயிர்பிழைப்பை ஒவ்வொரு நோயிலும் நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்ததாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோயாளிகள் என்ன சொன்னார்கள்?

இதற்கென்றே இம்சின்002 என்று தனியாக ஒரு சோதனை நடந்தது. அதே ஆட்களுக்குச் சில சுற்று ஊசி, சில சுற்று டிரிப்ஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்டார்கள். 10 பேரில் 7 பேர் ஊசி என்றார்கள். நேரம் மிச்சம், உடம்புக்குச் சௌகரியம், மனசுக்குப் பதற்றம் குறைவு என்பது அவர்கள் சொன்ன காரணங்கள். ஐந்தில் ஒருவர் டிரிப்ஸே போதும் என்றார்.

கீமோ எடுத்தவர்களுக்குத் தெரியும். சில சுற்றுகளுக்குப் பிறகு நரம்பு கிடைக்காது. நர்ஸ் கையைத் தட்டித் தட்டித் தேடுவார். இரண்டு மூன்று இடத்தில் குத்திய பிறகுதான் ஊசி நிற்கும். அவர்களுக்குத் தொடையில் ஒரே ஒரு குத்து என்பது சின்ன விஷயமே இல்லை. மருத்துவமனைக்கும் லாபம் உண்டு. மருந்தைப் பையில் கலக்கும் வேலை இல்லை, டே கேர் வார்டில் நாற்காலி சீக்கிரம் காலியாகும்.

அப்போ எல்லாரும் ஊசிக்கு மாறிவிடலாமா?

அவ்வளவு சுலபம் இல்லை. பலருக்கு இம்யூனோதெரபியோடு கீமோவும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. பெம்ப்ரோலிசுமாப் ஊசிச் சோதனையிலும் அப்படித்தான். கீமோ டிரிப்ஸில்தான் ஏறும் என்றால், நாற்காலியில் உட்காரும் நேரம் பெரிதாகக் குறையாது. கீமோ முடிந்து இம்யூனோதெரபி மட்டும் தொடரும் மாதங்களில்தான் ஊசியின் அருமை தெரியும். நிவோலுமாபை இபிலிமுமாப் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும் கட்டத்திலும் டிரிப்ஸ்தான். அந்தக் கூட்டுச் சிகிச்சை முடிந்த பிறகே ஊசிக்கு அனுமதி.

பக்கவிளைவுகளும் மறையவில்லை. ஊசி போட்ட இடத்தில் சிவப்பது, வீங்குவது பெரும்பாலும் லேசானது. ஆனால் பிரேக்கை விடுவித்தால் எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையும் தாக்கலாம். தைராய்டு, குடல், கல்லீரல், நுரையீரல் எதுவும் விலக்கில்லை. எனவே டாக்டரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை எல்லாம் பழையபடி உண்டு. இன்சுலின் போல வீட்டில் நாமே போட்டுக்கொள்ளவும் முடியாது. மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும்.

விலை?

நம்மூரில் முதல் கேள்வியே இதுதான். ஊசி வந்ததால் மருந்து மலிவாகிவிடவில்லை. இம்யூனோதெரபிக்கு லட்சக்கணக்கில் செலவாகும் என்பதில் மாற்றம் இல்லை. நிறுவனங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாபின் முக்கியக் காப்புரிமை அமெரிக்காவில் 2028-ல் முடிகிறது. ஊசி வடிவத்துக்குத் தனிக் காப்புரிமைகள் உண்டு. மருந்தோடு சேர்க்கும் நொதியின் தொழில்நுட்பத்துக்காக ஹாலோசைம் நிறுவனம் மெர்க் நிறுவனத்தின் மீது 2025-ல் வழக்கே போட்டது. சந்தை அவ்வளவு பெரிது.

விலையைக் குறைக்கும் முயற்சி இந்தியாவில் வேறு திசையில் நடந்திருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய் நோயாளிகள் 151 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2022-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 3 வாரத்துக்கு 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும், மாத்திரை வடிவக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 16.3%-லிருந்து 43.4% ஆனார்கள். அது டிரிப்ஸ்தான். அந்த நோயாளிகளுக்கு நேரத்தைவிடப் பணம்தான் பெரிய தடையாக இருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மருந்தில் இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டிரிப்ஸ் மருந்தும் ஊசி மருந்தும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வந்தாலும் இரண்டும் தனித்தனிக் குப்பிகள். அளவு வேறு, கலவை வேறு. டிரிப்ஸ் குப்பியை வாங்கி ஊசியாகப் போட முடியாது, ஊசிக் குப்பியை நரம்பில் ஏற்றவும் கூடாது. மருந்துக்கடையில் வாங்கும்போது, சீட்டில் எழுதியிருக்கும் முழுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் குப்பியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.