கள்ளிப்பாறைக் குறிஞ்சியும் காணொளிப் பெட்டியும்

2022ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், எங்கள் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலராயிற்றே! கைப்பேசியில் பத்து நிமிடம் படம் பிடித்து வைத்திருந்தேன். சென்ற பொங்கல் விழாவின்போது அதை நம் மன்றத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். விடுதி நண்பர்கள் கண்டு மகிழ்ந்தனர். ஏலக்காட்டு வேலைக்கு நடுவே பார்த்த என் தாயாரோ, "வட்டம்தாண்டா சுத்துது, பூவைக் காணோம்" என்றார்கள்.

குற்றம் என்னுடையதே. காணொளியை இணையப் பக்கத்தில் இயக்க முன்பெல்லாம் ஃபிளாஷ் என்ற தனி மென்பொருள் வேண்டியிருந்தது; 2020 இறுதியோடு அதற்கு விடை கொடுத்தாயிற்று. 2014இல் தரமாக ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல். 5இல், 'வீடியோ' என்னும் ஒரு குறியை எழுதினால் உலாவியே படத்தை ஓட்டிவிடும். நானும் அவ்வளவோடு நின்றுவிட்டேன். என் படம் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடுவது. 600 நொடிக்கு 1200 மெகாபிட். அதாவது 150 மெகாபைட். மலைச்சரிவில் ஒற்றைக் கோடு காட்டும் அலைவரிசை இதை எப்படித் தாங்கும்?

இதற்கு மருந்து எச்.எல்.எஸ். என்னும் முறை. 2009இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்தது. ஒரே படத்தைப் பல தரங்களில் ஆக்கி, ஒவ்வொன்றையும் ஆறு நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒரு பட்டியலும் எழுதிவைக்க வேண்டும். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்துவிடும். இயக்கி வேகத்தை அளந்து, தாங்கும் தரத்துத் துண்டைக் கேட்டு வாங்கும். 400 கிலோபிட் தரத்தில் முழுப்படமும் 30 மெகாபைட்தான். இம்முறையை நேரே அறியாத உலாவிகளுக்கு எச்.எல்.எஸ். ஜேஎஸ் என்னும் நிரலைச் சேர்க்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: 'முன்கூட்டி இறக்காதே' என்று வீடியோக் குறியில் எழுதினாலும் இந்நிரல் அதைப் பொருட்படுத்தாது. பொத்தானைத் தொட்ட பின்னரே இறக்குமாறு அதற்குத் தனியே சொல்லவேண்டும். இல்லையேல், பார்க்காத படத்துக்கும் பிறர் காசு கரையும்.

எழுத்துரைக்கு வெப் வி.டி.டி. கோப்பு. எந்த நொடியில் எந்த வரி என்று எழுதிய வெறும் உரைதான் அது; யு.டி.எஃப். 8இல் சேமித்தால் தமிழ் சிதையாது. நான் இரண்டு கோப்புகள் எழுதினேன். தாயாருக்குத் தமிழ்; மலையாளப் பள்ளியில் படிக்கும் தம்பிக்கு மலையாளம்.

இனி அலங்காரம். உலாவி தரும் பொத்தான்களை நீக்கிவிட்டு, நாமே வரைந்துகொள்ளலாம். ஆசை யாரை விட்டது? குறிஞ்சி நிறத்திலேயே பொத்தான் செய்தேன். குறிஞ்சிப் பூவின்மேல் குறிஞ்சி நிறப் பொத்தான்! உச்சிவெயிலில் அது கண்ணுக்கே தெரியவில்லை என்று மறுபடியும் தொலைபேசி வந்தது. இப்போது கறுப்புத் தளத்தில் வெள்ளை முக்கோணம், கட்டைவிரல் அகலத்தில் இருக்கிறது. நண்பர்கள் அழகில்லை என்கிறார்கள். தாயார் அதைத் தொட்டு, பத்து நிமிடமும் பார்த்தார்கள்.