சுவருக்கும் செவி உண்டு. செவிக்குக் கடிவாளம் உண்டா?

தியாகராய நகர் கடைவீதியில் தலைக்கு மேலுள்ள கேமராவை நீங்கள் காண்கிறீர்கள். ஆனால் மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ உங்கள் இல்லத்துத் தொலைபேசியை அரசு ஒட்டுக்கேட்டால், அதை அறிய உங்களுக்கு வழியில்லை.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு என்னும் நிலைகளில் மட்டுமே இதற்கு இடமளித்தது. ஆயினும் முறையான கட்டுப்பாடுகளை 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே வகுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் பகுதிக் காவல் ஆய்வாளர் தம் விருப்பப்படி ஒட்டுக்கேட்க இயலாது. அவசர நிலை தவிர, மாநில உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும். அது 60 நாட்களுக்கே செல்லும். நீட்டித்தாலும் 180 நாட்களைத் தாண்டலாகாது. தலைமைச் செயலாளர் தலைமையிலான மறுஆய்வுக் குழு அதனை ஆராய வேண்டும். 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளும் இவ்வாறே கூறுகின்றன.

விதி காக்கப்படுகிறதா? சென்னை நிறுவனமொன்றின் நிர்வாக இயக்குநரது தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையை, 2025 ஜூலை 2ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டறியும் இரகசிய நடவடிக்கை பொது நெருக்கடியாகாது என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்.

வழக்கு வந்ததால் அவர் அறிந்தார். வழக்கே வராதவர் எவ்வாறு அறிவார்? ஆணையிடுபவர் அரசுச் செயலாளர். ஆராயும் குழுவினரும் அரசுச் செயலாளர்களே. வெளியார் ஒருவரும் அதில் இல்லை. சிந்தியுங்கள்!