சக்கரம் சொல்லும் ஊர் வரலாறு

ஊர் வரலாறு என்றவுடன் அரண்மனைகளும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஓர் ஊரின் வாழ்வை அறிய விழைவோர் அவ்வூரின் வழியே எப்பொருள்கள் சென்றன, அவற்றை யார் சுமந்தனர் என்றும் கேட்டல் வேண்டும். இதற்கு விடை தேட ஏற்ற இடம் பொருட்காட்சிச்சாலை. ஏற்ற வேளை மாலை. போடிநாயக்கனூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

போடியிலிருந்து போடிமெட்டு வழியே மலையேறிச் சென்றால் மூணாற்றை அடையலாம். அங்கே நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலைப் பொருட்காட்சிச்சாலை ஒன்று உள்ளது. 1905ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் இயந்திரம், 1913இல் நாசரேத்துக் கைத்தொழிற் பள்ளியில் செய்யப்பெற்ற சூரிய கடிகாரம், பெரியகானல் அருகே கிடைத்த முதுமக்கள் தாழி ஆகியவற்றை அங்கே காணலாம். அவற்றிடையே ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றும் இருக்கின்றது. மூணாற்றில் இன்று ரயில் இல்லையே, இச்சக்கரம் எங்கிருந்து வந்தது?

1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தின்மீதும், பெரிய சக்கரம் தரைமீதும் உருளும், இழுத்தவை காளைகள். 1908இல் அதற்கு மாற்றாக இரண்டடி அகல இருப்புப்பாதை போடப்பெற்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியவாறு மலைச்சரிவில் இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. பின்னர் வண்டிகளில் போடிக்கு வந்தன. திருவிதாங்கூர் மலையில் விளைந்த தேயிலைக்குப் போடியே வாயிலாயிற்று.

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்துவிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928இல். இவ்விரு ரயில்களும் ஒரே காலத்தில் ஓடவேயில்லை! போடிப் பாதையும் அகலப்படுத்துவதற்காக 2010இன் இறுதியில் மூடப்பெற்று, 2023இல் மீண்டும் திறக்கப்பெற்றது.

இத்தனையையும் ஒரு சக்கரம் தானாகச் சொல்லிவிடாது. அருகிலுள்ள சிறு அட்டையில் பெயரும் ஆண்டும் இருக்கலாம். பெட்டியைத் தூக்கியவர் தோளின் வலி அதில் இராது. அதனைச் சொல்ல மனிதர் வேண்டும். இங்கேதான் மாலைச் சொற்பொழிவின் பயன் விளங்குகின்றது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்வோர் பலர் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, மாலையில் திரும்புகின்றனர். பகலில் திறந்து மாலையில் மூடும் காட்சிச்சாலை, யாருடைய வரலாற்றைக் காட்டுகின்றதோ அவர்களுக்கே எட்டாததாகிவிடும். மாலையில் அவர்கள் வந்தமர்ந்தால், பேசுவோர் ஒருவராக இருப்பினும், திருத்துவோரும் சேர்ப்போரும் பலராவர். பாட்டன் சொன்ன செய்தி, பழைய ஊதியச் சீட்டு, ஏலக்காய் தரம் பிரித்த சல்லடை ஆகிய யாவும் சான்றுகளாகும்.

2006இல் இதே தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகற்கள் கண்டறியப்பெற்றன. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் உயிர்நீத்த அந்தவன் என்பானின் பெயர் அவற்றுள் ஒன்றில் உள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் மடிந்த ஒருவனை நாம் பெயரால் அறிகின்றோம். ஏனெனில், அன்று ஒருவர் கல்லில் பொறித்து வைத்தார். நூறு ஆண்டுகட்கு முன் கொட்டகுடியில் தேயிலைப் பெட்டி இறக்கியவர்களுக்கோ நடுகல் இல்லை. அவர்களைப் பற்றிக் கேட்டறிந்தோர் இன்று முதியவர்கள்.

ஆகவே மாணவர்களே, உங்கள் ஊரில் காட்சிச்சாலை இல்லையெனினும் பள்ளிக்கூடமோ நூலகமோ இருக்கும். மாதம் ஒரு மாலை அங்கே கூடுங்கள். ஒரு பொருளை நடுவில் வையுங்கள். யார் செய்தார், யார் சுமந்தார், யாருக்குப் பயன்பட்டது என்று கேளுங்கள். சொன்னவர் பெயரோடும் நாளோடும் விடையை எழுதி வையுங்கள். கல்லில் பொறிக்க வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடு போதும்.