கழித்தது போக மீதி: இணையப் பார்வைக் கணக்கு

விக்கிப்பீடியாவின் எல்லா மொழிகளையும் சேர்த்தால் மாதத்துக்குச் சுமார் 1,500 கோடி பக்கப் பார்வைகள். ஆண்டுக்கு 18,000 கோடி. அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, 2023-24 நிதியாண்டில் இணையப் புரவலுக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்கு, எழுதிய செலவு ஏறத்தாழ 31 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு லட்சம் பார்வைக்கு 1 டாலர் 72 சென்ட். சம்பளம் முதல் நிதியுதவி வரை எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு சுமார் 17.8 கோடி டாலர். அதை வகுத்தால் ஒரு லட்சம் பார்வைக்கு 99 டாலர்.

இரண்டு கணக்கிலும் மேலே இருக்கும் எண் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டது. கீழே இருக்கும் எண்ணை, அதாவது பார்வையை, யாரும் தணிக்கை செய்வதில்லை. மாதம் 1,500 கோடி வரும் தளமானாலும் 3,000 வரும் தளமானாலும் பார்வை எண் ஊதிப்போய்த்தான் கைக்கு வருகிறது. அதிலிருந்து கழிக்க வேண்டியவை சில உண்டு. கழித்தது போக நிற்கும் மீதிதான் வாசகர். விக்கிமீடியா தன் கணக்கைப் பொதுவில் வைத்திருப்பதால் அந்தக் கழித்தலை வரிவரியாகப் பார்க்க முடிகிறது.

எதை ஒன்று என்று எண்ணுவது

1990-களில் தளங்கள் ‘ஹிட்’ கணக்கைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. சர்வரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட். 20 படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் திறந்தால் 21 ஹிட். ஆக 21 லட்சம் ஹிட் என்று விளம்பரம் செய்த தளத்தில் புரண்ட பக்கங்கள் 1 லட்சமாகவே இருந்திருக்கலாம். படத்தைக் கூட்டினால் கணக்கு கூடும், வாசகர் கூட மாட்டார்.

பக்கப் பார்வை அதைவிட நேர்மையான அலகு. படம், பின்னணிக் கோப்பு எதுவும் சேராது. பக்கம் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் ஒன்று. அடுத்த அலகு வருகை. கூகுள் அனலிட்டிக்ஸ் வழக்கப்படி 30 நிமிடம் அசைவில்லை என்றால் வருகை முடிந்தது. படித்துக்கொண்டிருந்தவர் சாப்பிடப் போய் 40 நிமிடம் கழித்து அதே பக்கத்தைத் தொடர்ந்தால் இரண்டு வருகை.

ஆள் எண்ணிக்கை இன்னும் தளர்வானது. எண்ணப்படுவது ஆள் அல்ல, பிரவுசர். காலையில் கைப்பேசியிலும் பகலில் அலுவலகக் கணினியிலும் படிப்பவர் இரண்டு பேர். ஒரே கைப்பேசியில் படிக்கும் வீட்டார் மூன்று பேரும் ஒருவர். விக்கிமீடியா இதை ‘தனித்த கருவிகள்’ என்றே எழுதுகிறது. அதன் குக்கியில் பெயரோ அடையாள எண்ணோ கிடையாது, கடைசியாக வந்த தேதி மட்டும். இந்த மாதத் தேதி இல்லாமல் ஒரு பிரவுசர் வந்தால் மாதக் கணக்கில் ஒன்று கூடும். யார் என்று தெரியாமலே எத்தனை என்று எண்ணிவிடலாம் என்பதற்கு இது சான்று.

அலகு மாறினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது. கூகுளின் பழைய முறையான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், ஒரே பக்கத்தை 9 நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டுக் கிளம்பியவரும் ‘பவுன்ஸ்’தான், அவர் தங்கிய நேரம் 0 நொடி. 2023 ஜூலை 1 அன்று அந்த முறை கணக்கெடுப்பதை நிறுத்தியது. அதன் இடத்துக்கு வந்த கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் (ஜிஏ4) 10 நொடிக்கு மேல் தங்கினாலோ இரண்டு பக்கம் பார்த்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை, பவுன்ஸ் அல்ல. வாசகர் அதேபோலப் படித்துப் போனாலும் பவுன்ஸ் விகிதம் சரிந்திருக்கும். அதைத் தளத்தின் முன்னேற்றமாக எழுதிக்கொண்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

முதல் கழித்தல்: எந்திரம்

2021 பிப்ரவரியில் விக்கிமீடியா பொறியாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஊதா நிற ஆஸ்டர் பூவின் ஒரு படம். அதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கோடி கோரிக்கைகள். ஒரு டேட்டா சென்டருக்கு வந்த மொத்தப் படக் கோரிக்கைகளில் 20 விழுக்காடு இந்த ஒரே பூவுக்கு. வந்த திசை இந்தியா. பல இணைய நிறுவனங்களின் இணைப்புகள் வழியாக, பகலில் ஏறி இரவில் இறங்கி, மனிதர் பார்ப்பது போலவே.

அந்த அளவை விரித்தால்:

நாளொன்றுக்குக் கோரிக்கை: 9,00,00,000
ஒரு நாளின் நொடிகள்: 86,400
நொடிக்குச் சராசரி: சுமார் 1,040
படத்தின் அளவு, கோப்புப் பெயரில் உள்ளபடி: 1 எம்.பி.
ஒவ்வொரு முறையும் முழுதாக இறங்கியிருந்தால்: நாளொன்றுக்கு 90 டெராபைட்

பழைய பதிவுகளைப் புரட்டியபோது ஏற்றம் தொடங்கியது 2020 கோடையில் என்று தெரிந்தது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அதன் இடத்தைப் பிடிக்கப் பல செயலிகள் போட்டியிட்ட நேரம் அது. ஒரு கைப்பேசிச் செயலிதான் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இந்தப் படத்தை இறக்கிக்கொண்டிருந்தது. திரையில் காட்டவே இல்லை. செயலியின் பெயரை அறக்கட்டளை வெளியிடவில்லை. நாளுக்கு 9 கோடி முறை ‘பார்க்கப்பட்ட’ பூவை அந்தச் செயலி வழியே கண்டவர் ஒருவரும் இல்லை.

இப்போது அந்த இடத்துக்குச் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தரவு அள்ளும் தானியங்கி நிரல்கள், அதாவது பாட்கள், வந்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் விக்கிமீடியா வெளியிட்ட கணக்குப்படி, 2024 ஜனவரியிலிருந்து படம், ஒலி, ஒளிக் கோப்புகளுக்குச் செலவான அலைவரிசை 50 விழுக்காடு கூடியது. பக்கப் பார்வையில் பாட்களின் பங்கு 35 விழுக்காடு. மிகச் செலவு பிடிக்கும் கோரிக்கைகளில் 65 விழுக்காடு. பார்வைக்குப் பார்வை வைத்தால் இந்தச் செலவுள்ள கோரிக்கைகளில் பாட் மனிதரைப் போல் 3.4 மடங்கு.

காரணம் எளிது. மனிதர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத் தேடுகிறார்கள்: நேற்றைய ஆட்டம், புதிய படம், மறைந்த தலைவர். அந்தப் பக்கங்களின் நகல் பக்கத்து நாட்டு டேட்டா சென்டரிலேயே தயாராக இருக்கும். பாட் அப்படிப் பொறுக்குவதில்லை. ஆண்டுக்கு ஒருவர் தொடும் பக்கத்தையும் தட்டும். அதன் நகல் அருகில் இராது. மூல சர்வர் வரை போக வேண்டும்.

பாட்டைப் பிரிப்பதும் லேசில்லை. ‘நான் எந்திரம்’ என்று கோரிக்கையின் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டு வருபவை ஒரு வகை. மனித வேடத்தில் வருபவற்றுக்கு 2020-இல்தான் விக்கிமீடியா தனிப் பத்தி போட்டது. அந்தச் சல்லடையும் போதவில்லை. 2025 மே மாத வாக்கில் பிரேசிலிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ‘மனிதப்’ பார்வை பெருகியது. ஆராய்ந்தபோது பெரும்பகுதி வேடமிட்ட பாட். சல்லடையைத் திருத்தி மறுபடி எண்ணியதும் ஏற்றம் மறைந்து, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட மனிதப் பார்வை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்திருப்பது வெளிவந்தது. தேடுபொறிகள் விடையைத் தம் பக்கத்திலேயே தருவதும், இளையோர் காணொளித் தளங்களில் தகவல் தேடுவதும் காரணம் என்றது அறக்கட்டளை. எந்திரத்தைக் கழிக்காதவரை அது வளர்ச்சியாகத் தெரிந்தது.

இரண்டாம் கழித்தல்: ஒரு நாள் கூட்டம்

2024 டிசம்பர் 29 அன்று அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலமானார். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்துக்கு ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வைகள். அதை அமைப்பு தாங்கிக்கொண்டது. கூடவே பலர், 1980-இல் அவர் ரொனால்ட் ரீகனோடு நடத்திய விவாதத்தின் ஒன்றரை மணி நேரக் காணொளியை ஓடவிட்டார்கள். வலைப் போக்குவரத்து வழக்கத்தைப் போல் இரண்டு மடங்காகி, சில இணைப்புகள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிரம்பி வழிந்தன.

இவர்கள் உண்மையான மனிதர்கள்தான். ஆனாலும் மாதச் சராசரியில் இவர்களைக் கரைத்தால் படம் கெடும். சிறு தளத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 29 நாள் தலா 100 பேர். ஒரு நாள் யாரோ பிரபலம் பகிர்ந்ததால் 4,000 பேர். மொத்தம் 6,900. சராசரி நாளுக்கு 230. ஆனால் 230 பேர் வந்த நாள் என்று ஒன்றுகூட இல்லை. நாட்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால், அதாவது இடைநிலை எண்ணை எடுத்தால், 100. அடுத்த மாதம் 110 ஆனால் வளர்ச்சி 10 விழுக்காடு. சராசரியை நம்பியவருக்கு அதே மாதம் 52 விழுக்காடு வீழ்ச்சி.

மூன்றாம் கழித்தல்: தற்செயல்

எதுவுமே மாறாவிட்டாலும் எண் ஆடும். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் வரும் கூட்டத்துக்குப் புள்ளியியல் தரும் கைக்கணக்கு: சராசரியின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் இயல்பான ஆட்டத்தின் எல்லை கிடைக்கும்.

நாளுக்கு 25 பேர்: ஆட்டம் 10, அதாவது 40 விழுக்காடு
நாளுக்கு 100 பேர்: ஆட்டம் 20, அதாவது 20 விழுக்காடு
நாளுக்கு 10,000 பேர்: ஆட்டம் 200, அதாவது 2 விழுக்காடு

25 பேர் வரும் தளத்தில் இன்று 33 என்றால் அது செய்தியே அல்ல. 10,000 பேர் வரும் தளத்தில் 10,500 என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

மாற்றம் பலித்ததா என்று சோதிக்கவும் இந்தக் கணக்கு வேண்டும். பதிவு செய்யும் பொத்தானை இடம் மாற்றினால் 100-க்கு 2 பேர் அழுத்துவது 3 ஆகுமா? நம்பத்தக்க விடைக்குப் பழைய வடிவத்துக்கு 3,900 பேர், புதியதற்கு 3,900 பேர், ஆக 7,800 பேர் வேண்டும். நாளுக்கு 100 பேர் வந்தால் 78 நாள். 2 விழுக்காடு 2.5 ஆகுமா என்ற நுண்ணிய கேள்விக்கு இரு பக்கமும் தலா 14,000. அதே தளத்துக்கு 280 நாள். சிறு தளம் பொத்தானின் நிறத்தைச் சோதித்துக்கொண்டிருப்பது காலச் செலவு. பெரிய மாற்றங்களை மட்டும் செய்து பார்ப்பதே அதற்குக் கட்டுப்படியாகும்.

கணக்கு எத்தனை நாள் நிற்கும்

பொங்கலைப் பொங்கலோடும் தேர்வு மாதத்தைத் தேர்வு மாதத்தோடும் ஒப்பிட, குறைந்தது 13 மாதக் கணக்கு கையில் வேண்டும்.

ஜிஏ4, நுண்தரவு, மாற்றாமல் விட்டால்: 2 மாதம்
ஜிஏ4, இலவசப் பதிப்பில் மாற்றி வைத்தால்: 14 மாதம்
கூகுள் சர்ச் கன்சோல், தேடல் கணக்கு: 16 மாதம்
விக்கிமீடியா, ஐ.பி. முகவரியுள்ள மூலப் பதிவு: அதிகபட்சம் 90 நாள்
விக்கிமீடியா, கட்டுரைவாரியான தினசரித் தொகை: 2015 ஜூலை முதல், பொதுவில்

கூகுள் 2005-இல் பார்வைக் கணக்கு மென்பொருள் செய்த அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் அனலிட்டிக்ஸை இலவசமாக்கியது. பிறகு 2011-இல் பெரிய நிறுவனங்களுக்கென வந்த பதிப்பின் விலை ஆண்டுக்கு 1,50,000 டாலர். இலவசத்துக்குப் பணமில்லை, விலை உண்டு: பழைய முறையில் சேர்ந்த கணக்குகளை 2024 ஜூலையிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியது. படி எடுத்து வைக்காதவர்களுக்குப் பல ஆண்டுக் கணக்கு போயிற்று.

சொந்தப் பதிவின் செலவோ அற்பம். சர்வர் பதிவேட்டில் ஒரு வரி 200 பைட் என்று வைத்தால், மாதம் 1 லட்சம் கோரிக்கைக்கு 20 எம்.பி.; ஆண்டுக்கு 240 எம்.பி. விக்கிமீடியாவின் வழியைப் பின்பற்றலாம்: முகவரியுள்ள மூலத்தை 90 நாளில் அழித்துவிட்டு, தினசரித் தொகையை மட்டும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்வது. வாசகரின் அந்தரங்கமும் காக்கப்படும், கணக்கும் நிற்கும்.

மீதியை வைத்து என்ன செய்வது

முதலில் தேடல் கணக்கு. ஒரு பக்கம் தேடல் முடிவில் 5,000 முறை தெரிந்து 50 பேர் அழுத்தினால் 1 விழுக்காடு. இன்னொன்று 50 முறை தெரிந்து 10 பேர் அழுத்தினால் 20 விழுக்காடு. முதல் பக்கத்துக்குக் கூட்டம் எதிரே நிற்கிறது, தலைப்பு அழைக்கவில்லை, தலைப்பை மாற்றுங்கள். இரண்டாவதன் தலைப்பு நன்றாக இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை. அதே பொருளில் இன்னும் எழுதுங்கள்.

அடுத்து வேகம். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். சராசரியை வைத்து அதைப் பார்ப்பதில்லை. நான்கில் மூன்று வருகைக்காவது அந்த வேகம் கிடைத்ததா என்பதே கேள்வி. அலுவலகத்து வேகமான இணைப்பில் பக்கம் பறப்பதைப் பார்த்து நிம்மதியடைவதில் பொருளில்லை. மலிவான கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, பொருள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரைக்கும் தினசரிப் பார்வையை யாரும் எடுத்துப் பார்க்கலாம். தினமும் பலர் வந்துபோகும் பக்கம் நான்கே வரியில் நின்றால், அடுத்து விரித்து எழுத வேண்டியது எது என்று தெரிந்துவிடும். எந்தத் தளத்துக்கும் அந்தப் பட்டியல்தான் வேலைத் திட்டம்.

ஆக மாத இறுதியில் நான்கு வரி எழுதினால் போதும்: வந்த பார்வை, அதில் கழித்த எந்திரம், கூட்ட நாள் பாதிக்காத இடைநிலை எண், அதன் இயல்பான ஆட்டத்தின் எல்லை. நான்காவது வரியின் எல்லைக்குள் எண் நின்றால் அந்த மாதம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அடுத்த கட்டுரையை எழுதப் போகலாம். எல்லையைத் தாண்டினால் மட்டும் காரணத்தைத் தேடி, ஒரே ஒரு மாற்றம் செய்து, போதிய ஆட்கள் வரும்வரை பொறுத்து, மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.